நல்ல தண்ணீர் யாருக்கு?

திருச்சியில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் 'நல்ல தண்ணீர்' வரும், மற்றதில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் காவிரி. உப்புத் தண்ணீர் என்றால் ஆழ்துளைக் கிணறு. குடிக்கவும் சமைக்கவும் துணி துவைக்கவும் இந்தப் பிரிவினை போதும். ஆனால் நாம் அதை அடுப்படியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீர் எவருக்கும் எதற்கும் நல்லதுதான் என்பதை ஒரு தத்துவமாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். காவிரியைப் பற்றி நம் ஊரில் எழுதப்பட்ட பக்கங்களில் பெரும்பகுதி இந்தத் தத்துவத்தின் விரிவுரைதான். அது பிழை என்பதே என் வாதம். அதை நிரூபிக்க நான் அழைக்கும் சாட்சி மிகச் சிறியது: பால்கனியில் தொங்கும் ஒரு பூச்சியுண்ணும் செடி.

கடந்த சில ஆண்டுகளாக இந்தச் செடிகளை இணையத்தில் வாங்கி வளர்க்கும் ஆர்வம் பெருகியிருக்கிறது. நெப்பந்தஸ் என்னும் குடுவைச் செடி, இலையெங்கும் பனித்துளி போல் பசை பூத்து நிற்கும் ட்ரோசெரா, தொட்டால் மூடிக்கொள்ளும் வீனஸ் ஃப்ளைட்ராப் ஆகியவை தில்லைநகர் அடுக்ககங்களுக்கும் ஸ்ரீரங்கத்து மாடிகளுக்கும் அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகின்றன. பெரும்பாலானவை சில மாதங்களில் இறந்துபோகின்றன. இறந்தபின் சொல்லப்படும் காரணங்கள் சுவாரசியமானவை. 'இந்த ஊர் வெயில் தாங்காது', 'விற்றவன் ஏமாற்றிவிட்டான்', 'பூச்சி கிடைக்கவில்லை, பட்டினியில் செத்துவிட்டது'. இவற்றில் முதலாவது ஓரளவு உண்மை. குளிர்கால உறக்கம் தேவைப்படும் வட அமெரிக்கச் செடியான ஃப்ளைட்ராப்பைத் திருச்சியில் நெடுநாள் வைத்திருப்பது கடினம். ஆனால் நான் கேட்ட எந்த விளக்கத்திலும் தண்ணீரின் பெயர் வந்ததில்லை. காவிரித் தண்ணீர்தானே ஊற்றினோம், அதில் என்ன குறை இருக்க முடியும்?

குறை ஏதும் இல்லை. அதுதான் சிக்கல்.

இந்தச் செடிகள் ஏன் பூச்சி பிடிக்கின்றன என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். அவை வேட்டைக் குணம் கொண்டவை என்பதால் அன்று. அவை வாழும் நிலத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட இல்லை. மழையால் ஓயாமல் கழுவப்பட்ட மணல், அமிலத்தன்மை கொண்ட சதுப்பு, பாறைமேல் கசியும் நீர் ஆகியவையே அவற்றின் வீடு. வேர் வழியாகக் கிடைக்காததை இலை வழியாகத் தேடிக்கொண்ட குடும்பங்கள் அவை. சார்லஸ் டார்வின் 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். அம்மோனியா உப்புகள் கடுகினும் கடுகாய் நுண்ணிய அளவில் பட்டாலும் ட்ரோசெராவின் இலைமயிர்கள் வளைவதை அதில் அவர் விவரிக்கிறார். அந்தச் சோதனைக்கு அவர் பயன்படுத்தியது வாலைவடித்த நீர். வெறும் நீருக்கு இலை எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் தனியே சோதித்துப் பார்த்தார். நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதே இந்தச் செடியிடம் பேசும் மொழி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் நமக்குத் தெரியவில்லை.

காவிரியின் பெருமை என்ன? குடகு மலையில் பிறந்து பாறையையும் மண்ணையும் கரைத்துக்கொண்டு, பவானியையும் நொய்யலையும் அமராவதியையும் சேர்த்துக்கொண்டு, வயல்களின் வடிநீரையும் ஊர்களின் கழிவுகளையும் வாங்கிக்கொண்டு முக்கொம்புக்கு வந்து சேர்கிறது. அது சுமந்துவரும் வண்டலும் கரைந்த உப்புகளும்தான் டெல்டாவின் நெல்லுக்கு உரம். கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும் நெல்லுக்கும் வாழைக்கும் மல்லிகைக்கும் கேடல்ல. ட்ரோசெராவின் வேருக்கோ அவை மெதுவான நஞ்சு. கரைந்த உப்பு வேரிலிருந்து நீரை இழுக்கிறது. பைகார்பனேட் தொட்டியின் அமிலத்தன்மையை நாளுக்கு நாள் அழிக்கிறது. நெல்லுக்குத் தாயாக இருப்பது எதுவோ அதுவே இங்கே கொல்கிறது.

மழைநீர் செம்மண்ணில் விழுந்து அதன் நிறமாகவே ஆகிவிடுவதைக் காதலுக்கு உவமையாக்கிய குறுந்தொகைப் பாடலை அறியாத இலக்கிய வாசகர் இருக்க முடியாது. அதைக் காதலின் மேன்மைக்கு எடுத்துக்காட்டாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அந்த உவமைக்குள் ஒரு நீரியல் உண்மை இருப்பதைக் கவனித்தோமா? நிலத்தைத் தொட்ட நீர் பிறகு மழைநீராக இருப்பதில்லை. அது நிலத்தின் நீர். காதலர்க்கு அந்தக் கலப்பு பேறு. கலப்பே கூடாத உயிர்களும் உலகில் உண்டு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்தச் செடிகளைத் தண்ணீர் நிற்கும் தட்டில் தொட்டியை வைத்து வளர்ப்பதே வழக்கம். நல்ல வெயிலில் ஒரு பெரிய தட்டிலிருந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஊற்றும் நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தால், ஒவ்வொரு நாளும் 300 மில்லிகிராம் உப்பு தட்டிலும் தொட்டியிலும் தங்குகிறது. நீர் போய்விடும், உப்பு போகாது. முப்பது நாளில் 9 கிராம். சித்திரை, வைகாசி தாண்டுமுன் தொட்டியின் மேற்பரப்பில் வெள்ளைப் பூச்சு படிந்துவிடும். இதே தட்டில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள மழைநீரை ஊற்றியிருந்தால் மாத முடிவில் சேர்வது 0.15 கிராம். ஒரே செடி, ஒரே வெயில், ஒரே கை. வித்தியாசம் 60 மடங்கு. வெயிலின்மேல் பழி போடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வெயில் கொலையாளியின் கூட்டாளி மட்டுமே.

இந்தச் செடிகளுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே கரைபொருள் உள்ள நீரே ஏற்றது என்பது வளர்ப்போரிடையே நெடுங்காலமாக நிலைத்த விதி. நெப்பந்தஸ் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். மனிதர் குடிக்கும் நீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க எல்லையாக வைத்திருப்பது 500. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. நம் 'நல்ல தண்ணீர்' எந்த அளவுகோலால் நல்லது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. அது மனித நாக்கின் அளவுகோல், மனிதச் சிறுநீரகத்தின் அளவுகோல்.

இனி நம்மிடையே புழங்கும் பரிகாரங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கைக்குழந்தைக்குக் கொடுப்பதைச் செடிக்கும் கொடுக்கும் பாசம் இது. காய்ச்சினால் கிருமி சாகும், கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். மற்ற உப்புகள் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகும் அளவுக்கு அவற்றின் செறிவு கூடும். பாசம் வேதியியலை மாற்றுவதில்லை.

இரண்டாவது, கேன் தண்ணீர். அதை நம் ஊரில் இன்றும் 'மினரல் வாட்டர்' என்றே அழைக்கிறோம். பெயரிலேயே தாதுவை வைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தாது ஆகாத செடிக்கு ஊற்றுவதில் உள்ள முரண் ஒருவருக்கும் உறைப்பதில்லை. சுவைக்காகத் தாது சேர்க்கப்பட்ட கேனும் உண்டு, சேர்க்கப்படாத கேனும் உண்டு. அளக்காமல் ஊற்றுவது சூதாட்டம்.

மூன்றாவது, வீட்டு ஆர்.ஓ. இயந்திரம். ஒழுங்காக வேலை செய்யும் இயந்திரத்தின் நீர் பலவேளை இந்தச் செடிகளுக்குப் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. என் மறுப்பு வேறு. பழைய வகை இயந்திரங்கள் ஒரு லிட்டர் தர ஏறத்தாழ மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகின்றன. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான நீர் கிடைக்கும் இடங்களில் இந்த இயந்திரங்களுக்குத் தடை வேண்டும் என்று சொன்னது இந்த விரயத்தைப் பார்த்துத்தான். வறிய நீரில் வாழப் பழகிய ஒரு செடிக்காக மூன்று பங்கு நீரைக் கொட்டுவது எந்த வகை இயற்கை ஆர்வம்?

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இயந்திரம் விற்க வருபவர் பையிலிருந்து ஒரு சிறு அளவுமானியை எடுத்து உங்கள் குழாய்த் தண்ணீரில் வைப்பார். எண் முந்நூறைக் காட்டும். உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியையும் அதே நீரில் முக்கி மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார். நீர் காவி நிறமாகும். வீட்டார் பதறிப்போவார்கள். அந்தக் காவி நிறம் கம்பியிலிருந்து வந்தது. முந்நூறு என்பது மனிதருக்கு எந்தத் தீங்கும் செய்யாத எண். மனிதரை அச்சுறுத்துவதற்காகவே ஊர் ஊராகச் சுற்றும் அந்த அளவுமானி, உண்மையில் பயன்படக்கூடிய ஒரே இடமாகிய செடித் தொட்டியருகே மட்டும் வருவதில்லை. சில நூறு ரூபாய்தான் அதன் விலை. ஐந்நூறு ரூபாய்க்குச் செடி வாங்குபவர் அதை வாங்குவதில்லை.

நான்காவது, குளிர்சாதன இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு குறைவு. ஆனால் அது தூசும் பாசியும் படிந்த உலோகச் சுருளின்மேல் வழிந்து வருகிறது. சுத்தம் செய்த இயந்திரத்தின் நீரை அளந்து பார்த்து நெருக்கடிக்குப் பயன்படுத்தலாம். ஐந்தாவது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றக் கடைகளில் விற்கும் உப்பு நீக்கிய நீர். அமிலம் கலவாத நீர்தானா என்று பார்த்து வாங்கினால் பாதகமில்லை. இரண்டும் ஆபத்துக்கு உதவும் உறவினர்கள். குடும்பத்தை அவர்களிடம் ஒப்படைக்க முடியாது.

எஞ்சியிருப்பது வானம். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான்சிறப்பை வைத்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்த வானத்திலிருந்து திருச்சிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அது 74,000 லிட்டர். இதில் ஒரு தட்டுச் செடிக்கு என்ன தேவை? தை முதல் ஆடி வரை ஏழு மாதத்துக்கு நாளுக்கு அரை லிட்டர் வைத்தாலும் 105 லிட்டர். ஒரு 200 லிட்டர் நீல டிரம் போதும். அதை நிரப்ப மாடிகூட வேண்டாம். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள துணியில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 200 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டொரு நல்ல இரவுகளில் கிடைக்கும் மழை அது.

நான்கு மூலையிலும் வேட்டியைக் கட்டி நடுவில் ஒரு கல்லைப் போட்டு அடியில் குடம் வைப்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த தொழில்நுட்பம். அதில் இன்றைய அறிவு சேர்க்க வேண்டியவை சில. முதல் மழையை விட்டுவிட வேண்டும். அது காற்றின் தூசையும் தீபாவளிப் புகையையும் கழுவும் மழை. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புத் தளத்தில் ஓடிவரும் நீர் வேண்டாம். சுண்ணாம்பு அதில் கரைந்திருக்கும். சிமெண்டுத் தொட்டியில் சேமிக்கக் கூடாது, காரணம் அதுவே. செம்பிலும் பித்தளையிலும் வேண்டாம். சற்றே அமிலத்தன்மை கொண்ட மழைநீர் உலோகத்தைக் கரைக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம், வாயில் கொசு புகாதபடி கட்டிய துணி, வெயில் படாத மூலை. இவ்வளவுதான். தென்னை நார்த்தூளில் செடி வைப்பவர்கள் அதையும் பலமுறை அலசவேண்டும். நாரிலேயே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. வானத்து நீரை ஊற்றிவிட்டுத் தொட்டிக்குள் உப்பை வைத்திருப்பதில் பயனில்லை.

2003-இல் தமிழகம் முழுதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் விளைவாக நம் வீட்டுச் சுவர்களில் குழாய்கள் இறங்கின. அவற்றில் எத்தனை இன்று எங்காவது போய்ச் சேர்கின்றன என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பின்புறம் சென்று பார்த்துக்கொள்ளலாம். சட்டத்துக்குப் பயந்து குழாய் வைக்க முடிகிறது. மழையின்மேல் மதிப்பு வரச் சட்டத்தால் செய்ய முடியாது. பால்கனியில் உள்ள ஒரு குடுவைச் செடிக்கு அது முடியும் என்று நம்புகிறேன். மழைநீரைத் தவிர வேறெதையும் ஏற்காத ஓர் உயிர் வீட்டில் இருந்தால் வீட்டார் வானத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

ஒன்று பக்தியின் தரப்பு. காவிரியை ஒரு செடிக்கு ஆகாதது என்று சொல்வது ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு சொல்லக்கூடியதா? இதற்கு விடை ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. அரங்கனின் திருமஞ்சனத்துக்கு ஆண்டின் பெரும்பகுதியும் கொள்ளிடத்திலிருந்துதான் நீர் வருகிறது. ஐப்பசி மாதத்தில் மட்டும் அம்மா மண்டபப் படித்துறையில் தங்கக் குடத்தில் முகந்து யானைமேல் கொண்டுவருகிறார்கள். எந்த நீர், எப்போது, எந்தப் பாத்திரத்தில், யாருக்கு என்று பிரித்தறியும் நுட்பம் அந்தக் கோயிலின் நடைமுறையிலேயே ஊறியிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் உள்ள திருவானைக்காவோ நீருக்கே உரிய தலம். லிங்கத்தடியில் கசியும் ஊற்றையே வழிபடும் ஊர். நீர் எல்லாம் ஒன்று என்று சொல்வதுதான் இந்த மரபுக்கு அந்நியமானது.

இரண்டாவது தரப்பு, இது வெளிநாட்டுப் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்பது. லின்னேயஸ் 1753-இல் ஒரு ட்ரோசெராவுக்கு 'இண்டிகா' என்றே பெயர் வைத்தார். அந்த ட்ரோசெரா இண்டிகாவும் ட்ரோசெரா பர்மானியும் தமிழகச் சமவெளியின் செடிகள். மழைக்காலத்தில் ஈரம் கசியும் மணற்பாங்கான வறிய நிலத்தில் முளைத்து, கோடைக்குள் விதை விட்டு மடிபவை. நீலகிரியிலும் பழனி மலையிலும் ட்ரோசெரா பெல்டேட்டா உண்டு. நம் குளங்களில் வேரின்றி மிதக்கும் யூட்ரிகுலேரியா, மஞ்சள் பூவுக்குக் கீழே நீர்ப்பூச்சிகளைப் பைகளில் உறிஞ்சிப் பிடிக்கிறது. தமிழகத்தின் தாவரங்களை மாவட்டம் மாவட்டமாகச் சேகரித்துப் பெருநூலாக்கிய அருட்தந்தை கே.எம். மாத்யூ வேலை செய்தது இதே திருச்சியில்தான். தூய வளனார் கல்லூரியில் அவர் 1967-இல் நிறுவிய ராபினாட் உலர்தாவரக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் எத்தனை இலக்கியக் கூட்டங்களில் அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டிருக்கிறது?

ட்ரோசெரா முளைக்கும் நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரையும் நினைத்துப் பாருங்கள். தரிசு. புறம்போக்கு. நெல் விளையாத நிலம் வீண்நிலம் என்பது டெல்டா மனத்தின் இலக்கணம். வீண்நிலம் என்பதால் மண்ணடித்து மேடாக்கலாம், மனை போடலாம், குப்பை கொட்டலாம், உரம் போட்டுத் 'திருத்தலாம்'. வறிய நீரை வீண் என்று நினைத்துச் செடிக்கு ஊட்டமான நீரை ஊற்றுபவரும், வறிய நிலத்தை வீண் என்று நினைத்து மேடாக்குபவரும் செய்வது ஒரே பிழை. முன்னவர் ஒரு செடியைக் கொல்கிறார். பின்னவர் அதன் குலத்தை. நெல்லை வைத்து உலகத்தை அளப்பதிலிருந்து வரும் பிழை இது. எதையும் ஊட்டி வளர்ப்பதே அன்பு என்று நம்பும் பண்பாட்டுக்கு, ஊட்டாமல் இருப்பதும் அன்பாக முடியும் என்பது எளிதில் விளங்காது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. மேகாலயத்தின் நெப்பந்தஸ் காசியானா, இந்தியாவுக்கே உரிய ஒரே குடுவைச் செடி. உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், மிகக் கடுமையான பாதுகாப்புக்கு உரியதாக அது வைக்கப்பட்டிருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கிய செடியை வாங்கி, காவிரித் தண்ணீர் ஊற்றி, மூன்று மாதத்தில் குப்பையில் போட்டு, மறுபடி வாங்குபவர் தம்மைச் செடி ஆர்வலர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. வளர்ப்புக்கூடத்தில் பெருக்கிய செடி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குவது குறைந்தபட்ச நேர்மை.

ஆகவே நான் முன்வைக்கும் விதி எளியது. செடிக்கு முன் டிரம். இந்த ஐப்பசியில் மழைநீரைப் பிடித்து மூடி வையுங்கள். அளவுமானியை அதில் வைத்துப் பாருங்கள், குழாய்த் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்களையும் வீட்டில் உள்ள குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தை மாதம் வந்தும் டிரம்மில் நீர் இருந்தால் ஒரு செடியை வாங்குங்கள். டிரம் வைக்க இடமில்லை, மழை பிடிக்க நேரமில்லை என்பவர்களுக்கு வாழையும் செம்பருத்தியும் மல்லிகையும் இருக்கின்றன. காவிரி அவற்றுக்கு நல்ல தண்ணீர்தான்.